கடைசித் தவணை கட்டியாச்சா? இனிமேல்தான் அலைச்சல்

மடியில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் வங்கியில் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருட வீட்டுக் கடன். கடைசி ரூபாய் வரை கட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. "ஏம்மா, பத்திரம் வந்துருச்சா?" என்று கவுன்டரில் கேட்டார். "ஹெட் ஆபீஸ்ல இருந்து இன்னும் வரலைங்க ஐயா, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றார் அந்தப் பெண். அவர் வந்தது அது ஆறாவது தடவை. ஆறு தடவையும் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டேன். "எதுக்குங்க, நமக்குத் தெரிஞ்ச பேங்க்குதானே" என்றார்.

அவருக்குத் தெரியாதது இதுதான். கடன் முழுவதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொத்தின் மேல் பதிந்த அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 செப்டம்பரில் வந்தது, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கிக்கும் பொருந்தும், வீட்டுக் கடன் நிறுவனத்துக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் பொருந்தும். அவர்கள் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். நான்கு மாதத்தில் முதல் 30 நாளைக் கழித்துவிட்டால் மிச்சம் 90 நாள். நாலரை லட்சம் ரூபாய். அந்தக் கவுன்டரில் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. தவணை ஒரு நாள் தள்ளிப்போனபோது மட்டும் மறக்காமல் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, உத்தரவு இருக்கிறது. கேட்டால் கிடைத்துவிடுமா? எங்கே எல்லாம் மாட்டிக்கொள்வோம் என்று பார்க்கலாம்.

முதல் சிக்கல், கடன் "முழுவதும்" முடிந்ததா என்பது. கடைசித் தவணை கட்டிவிட்டோம் என்று நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். கணக்கில் 212 ரூபாயோ 40 ரூபாயோ தொங்கிக்கொண்டிருக்கும். தவணைத் தேதிக்கும் கணக்கை மூடிய தேதிக்கும் இடையில் ஓடிய சில நாள் வட்டி, எப்போதோ செக் திரும்பியதற்கான கட்டணம், இப்படி ஏதாவது. அந்த 40 ரூபாய் இருக்கும் வரை கடன் உயிரோடு இருக்கிறது. 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கவே இல்லை. அதனால் கடைசிப் பணம் கட்டும் முன்பே, இன்ன தேதியில் கணக்கை முடிக்க மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டிய மறுநாள் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் எடுத்து, மீதி பூஜ்யம் என்று கண்ணால் பாருங்கள். பழைய அபராதம் என்று பெரிய தொகை ஏதாவது காட்டினால், கணக்கு விவரம் கேளுங்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு, தாமதத்துக்கான அபராதத்தை வட்டியாகப் போடக்கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக்கூடாது.

அப்புறம், சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டை நாமே போய் ரத்து செய்ய வேண்டும். கடன் முடிந்த அடுத்த மாதமும் தவணை பிடித்துவிட்டு, திருப்பிக் கேட்டால் "ரெக்வெஸ்ட் போட்டிருக்கோம்" என்ற கதை நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல் பத்திரம் எங்கே என்பது. கடன் வாங்கிய கிளை வேறு, இப்போது கணக்கு இருக்கும் கிளை வேறு, பத்திரம் இருப்பதோ வேறு ஊரில் ஒரு ஆவணக் கிடங்கில். நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. கடன் கணக்கு நடந்த கிளையிலேயே வாங்கிக்கொள்ளலாம், அல்லது பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். எது என்பது உங்கள் விருப்பம். பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் சான்றிட்ட நகல் வாங்க அவர்களே உதவ வேண்டும், செலவும் அவர்களுடையது. அதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு, 61ஆம் நாளிலிருந்து அதே 5,000 ஓடும். "நகல் எடுத்துக்கோங்க, நாங்க லெட்டர் தர்றோம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள்: "உங்க பேர்ல வேற ஒரு கடன் பாக்கி இருக்கு, அது முடியட்டும்." விசாரித்தால், எப்போதோ மச்சானின் டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்காகப் பத்திரத்தைப் பிடித்து வைக்க அவர்களுக்குச் சில சமயம் உரிமை இருக்கலாம். ஆனால் எந்தக் கடன், எவ்வளவு பாக்கி, எந்த ஷரத்தின்படி நிறுத்தி வைக்கிறோம் என்று எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கேட்டதும் பல இடங்களில் பத்திரம் கிடைத்துவிடுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

பத்திரம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிந்திருப்பார்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணம் பதியாவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார். அதற்குள் கிளை வேறு வங்கியோடு இணைந்திருக்கும், பழைய கணக்கு எண்ணைச் சொன்னால் கணினியில் வராது. ஆகவே பத்திரம் வாங்கும் அன்றே ரத்துப் பதிவுக்குத் தேதி கேளுங்கள், பதிந்ததும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வண்டிக் கடன் என்றால் இதே வேலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கக் கோரும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் பைனான்ஸ் பெயரை நீக்குங்கள், தள்ளிப்போடாதீர்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்தப் பெயர் இருக்கும்.

இதையெல்லாம் விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது ஒரு சொல்: செட்டில்மென்ட். தவணை தவறியவரிடம் ஏஜென்ட் வருவார். "அண்ணே, எண்பதாயிரம் பாக்கி, முப்பது கட்டுங்க, முடிச்சு விடுறேன்." நல்ல மனுஷன் என்று தோன்றும். பணம் கட்டுவோம். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். கடனை முழுதாகக் கட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்து எந்த வங்கிக்குப் போனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத் தயங்குவார்கள். முடியாத நிலையில் செட்டில்மென்ட் செய்வது தவறில்லை, வேறு வழியில்லாதபோது செய்யத்தான் வேண்டும். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள். கடிதம் நிறுவனத்தின் பெயரில் வந்த பிறகே பணம் கட்டுங்கள், அதுவும் கடன் கணக்குக்கே கட்டுங்கள். ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழுதவர்கள் உண்டு. அந்த ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ பாக்கி கேட்டுப் போன் செய்யக்கூடாது என்பதும் விதிதான். செய்தால் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இந்தியாவில் இப்படிக் கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். இணையதளத்தில் அந்த இலவசப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வித்தை. மாதச் சந்தாதான் முதலில் கண்ணில் படும், அதைத் தாண்டிப் போங்கள். கடன் முடிந்து இரண்டு மாதம் கழித்து அறிக்கை எடுத்துப் பார்த்தால், முடிந்த கடன் இன்னும் ஓடுவதாக இருப்பது சகஜம்.

திருத்தம் கேட்டால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு. நடப்பது என்ன என்றால், சிபிலில் கேட்டால் "வங்கி சொன்னதைத்தான் போட்டோம்" என்பார்கள், வங்கியில் கேட்டால் "நாங்க அனுப்பிட்டோம், சிபில்லதான் மாத்தணும்" என்பார்கள். இருவருக்கும் நடுவில் பந்து மாதிரி உருளாமல், ஒரே நாளில் இரண்டு இடத்திலும் புகார் போடுங்கள். ஒரு புகாரின் எண்ணை மற்றதில் குறிப்பிடுங்கள். நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பாக்கி எல்லாம் கட்டிவிட்டு கார்டை ரத்து செய்யக் கேட்டால் 7 வேலை நாளில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 500 ரூபாய். வாடிக்கையாளர் சேவையில் "லைஃப் டைம் ஃப்ரீ பண்ணித் தர்றோம் சார்" என்று இழுப்பார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள்.

இனி எழுதுவது எப்படி? பெரிய ஆங்கிலம் வேண்டாம். "என் கடன் எண் இது. இன்ன தேதியில் முழுத் தொகையும் செலுத்திவிட்டேன், ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தரவும். தாமதமானால் காரணத்தையும், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் இழப்பீட்டையும் கோருகிறேன்." இவ்வளவு போதும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டோம் என்று நகலில் சீல் போட்டுத் தரக் கேளுங்கள். "சீல் இல்லை, மேனேஜர் லீவு" என்றால் வாக்குவாதம் வேண்டாம், நேராகத் தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதையே அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

இந்தக் கடிதம் இல்லாமல் நேரே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போனால் புகாரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆம்புட்ஸ்மேனிடம் போய் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களிடம் கேட்டால் முக்கால்வாசி இதுதான் காரணம். முதலில் நிறுவனத்திடம் எழுத வேண்டும், 30 நாள் பதில் வராமல் இருக்க வேண்டும் அல்லது வந்த பதில் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும். பிறகு ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் போடலாம், தபாலில் சண்டிகரில் உள்ள மையத்துக்கு அனுப்பலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துப் போடக்கூடாது, வைத்தால் அதுவே நிராகரிக்கக் காரணம் ஆகிவிடும். அதே விஷயம் கோர்ட்டில் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். தண்டல்காரருக்கும் வட்டிக்கடைக்கும் இந்த வழி பொருந்தாது.

அந்தப் பெரியவருக்கு அன்றே வங்கி மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். தபால் போன ஒன்பதாம் நாள் பத்திரத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி போன் வந்தது. இழப்பீடு பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. அதற்கான இரண்டாவது கடிதத்தைப் போன வாரம் அனுப்பியிருக்கிறோம், ரசீது அவருடைய மஞ்சள் பையில் இருக்கிறது.