மேல்மடையில் கசிந்தது எங்கே போகிறது?

மதுரை வட்டாரத்தில், பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை, பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பி 45,041 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. கள்ளந்திரியைத் தாண்டி மேலூர்ப் பக்கம் போனால் ஒருபோகம்தான். அதுவும் அணையின் நீர் இருப்பைப் பொறுத்தது. கால்வாயின் தலைப்பக்கம் மேல்மடை, கடைசிப் பக்கம் கடைமடை. "மேல்மடைக்காரர்கள் தண்ணீரைப் பாழாக்குகிறார்கள்" என்று கடைமடையில் சொல்வார்கள். அந்த ஆற்றாமை நியாயமானது. ஆனால் கணக்கு அவ்வளவு நேரானதல்ல.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 4,000 லிட்டர். ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. என்றால் 48 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 2,400 கிலோ விளைந்தால், கிலோவுக்கு 2,000 லிட்டர்! அத்தனையும் பயிர் குடித்ததல்ல. ஒரு பங்கு இலை வழியாகவும் வயல் பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. இன்னொரு பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. நடவுக்கு முன் வயலைச் சேறாக்கித் தொழி கலக்குவதே இந்த இறக்கத்தைக் குறைக்கத்தான்: சேற்றின் நுண்துகள்கள் படிந்து மண்ணின் துளைகளை அடைக்கின்றன. அப்படியும் செம்மண் நிலத்தில் தண்ணீர் தங்குவதில்லை.

ஆவியானதை யாரும் மீட்க முடியாது. இறங்கியதோ கீழே உள்ள கிணற்றில் ஊறுகிறது, ஓடையில் கசிகிறது, அடுத்த கண்மாயில் சேர்கிறது. அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதற்கும் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. வயலை மட்டும் அளந்தால் இழப்பு. வைகை வடிநிலத்தையே அளந்தால் இன்னொரு ஊரின் வரவு. கால்வாய்க்குக் கான்கிரீட் பூசிய பிறகு பக்கத்துக் கிணறுகளில் ஊற்று குறைவதும் இதனால்தான்.

அதற்காக மேல்மடையில் சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கசிவு மெதுவாக வரும். அதை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். கிணறு இல்லாதவருக்கு நாற்று முற்றுவதற்குள் கால்வாய்த் தண்ணீர் வந்தாக வேண்டும். அதற்கு நல்ல வழி 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. 30 செ.மீ. நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு வயலில் புதைத்துவிடுகிறார்கள். உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுகிறார்கள். ஆனால் பூக்கும் சமயத்தில் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். மிச்சமானது மின்சாரம் இல்லாமலேயே மேலூர் நோக்கி ஓடும்.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. கரிசல் ஈரத்தை எளிதில் கீழே விடாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கே மழையை நம்பி விதைப்பவருக்குச் சோளமும் கம்பும் தோது. இவை கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கிக்கொள்ளும். அதனால் இலைத்துளைகளை நெல்லைப் போல அகலத் திறந்து ஈரத்தை இழக்க வேண்டியதில்லை.

கிணறு இருந்து மல்லிகை போட்டவர்களுக்குச் சொட்டுநீர் உதவும். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. செடிகளுக்கு இடையிலுள்ள மண் நனையாததால் வெறும் நிலத்திலிருந்து ஆவியாவது குறைகிறது. இது உண்மையான சேமிப்பு. ஆனால் மிச்சத்தை நம்பி இன்னும் அரை ஏக்கருக்குக் குழாயை நீட்டினால், கூடுதல் செடிகள் அதையும் ஆவியாக்கிவிடும். முன்பு வாய்க்காலில் கசிந்து கிணற்றுக்கே திரும்பிய தண்ணீரும் இப்போது வராது.