அந்தப் பனிப்பாறைப் படத்தை இனிமேல் காட்டாதீர்கள்

"கூகுளில் கிடைப்பது 4 சதவீதம்தான், மிச்சம் 96 சதவீதமும் டார்க் வெப்." விழிப்புணர்வுக் கூட்டம் எங்கு நடந்தாலும், நீருக்கு மேலே சிறு நுனியும் கீழே பெரும்பகுதியுமாக இதைக் காட்டும் இந்தப் பனிப்பாறைப் படம் திரையில் வந்துவிடுகிறது. பெற்றோர் பயந்துபோய்ப் பிள்ளையின் போனைப் பிடுங்கி வைக்கிறார்கள். அவர்களுடைய ஆதார் நகலோ யார் வேண்டுமானாலும் திறக்கும் டிரைவ் லிங்கில் கிடக்கிறது.

இந்த ஒப்பீட்டுக்கு அடிக்கடி ஆதாரமாகக் காட்டப்படுவது 2001இல் பிரைட்பிளானட் நிறுவனத்தின் மைக்கேல் பெர்க்மன் வெளியிட்ட ஆய்வு. தேடுபொறிக்கு எட்டும் வலை 19 டெராபைட், எட்டாதது 7,500 டெராபைட் என்று அவர் மதிப்பிட்டார். எட்டாத பகுதியில் அவர் பட்டியலின் முதலிடம் எதற்குத் தெரியுமா? அமெரிக்கத் தேசியக் காலநிலைத் தரவு மையத்துக்கு, 366 டெராபைட். அடுத்தது நாசாவின் புவி நோக்குத் தரவு. மழைக் கணக்கும் செயற்கைக்கோள் படமும்தான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

தேடுபொறிக்கு எட்டாத இந்தப் பகுதிக்குப் பெயர் டீப் வெப். டீப் வெப் வேறு, டார்க் வெப் வேறு. உங்கள் இன்பாக்ஸ், வங்கி ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், பதிவெண் போட்டால் வரும் மார்க் பட்டியல், இதெல்லாம் டீப் வெப். தேடுபொறிக்காகப் பக்கங்களைத் தேடித் திரட்டும் நிரலான கிராலர், லிங்கைப் பிடித்துக்கொண்டுதான் போகும். பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு உள்ளே வராது. டார் போன்ற தனி மென்பொருளில் மட்டும் திறக்கும் டார்க் வெப் இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அதோடு, எதில் 96 சதவீதம்? பக்கங்களை எண்ணியா, பைட் கணக்கிலா? ஆன்லைன் காலண்டரில் 'அடுத்த மாதம்' அழுத்த அழுத்தப் புதுப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். பக்கத்தை எண்ணி முடிக்கவே முடியாது. பைட் கணக்கும் நிலைத்து நிற்காது. அன்றைய 19 டெராபைட் இன்று கடையில் விற்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். யூடியூபில் நிமிடத்துக்கு 500 மணி நேர வீடியோ ஏறுவதாக அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் நாளுக்கு 7,20,000 மணி நேரம். ஒரு நாள் ஏறியதைப் பார்த்து முடிக்க, கண் மூடாமல் உட்கார்ந்தாலும் 82 ஆண்டு ஆகும். ஆண்டு குறிப்பிடாத சதவீதத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் டீப் வெப்பைப் பூட்டுங்கள். டிரைவில் ஃபைலின் 'ஷேர்' பகுதிக்குப் போய் 'ஜெனரல் ஆக்சஸ்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 'எனிஒன் வித் த லிங்க்' என்றிருந்தால் 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். அந்த லிங்கை யாராவது ஒரு பொதுப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதும், கிராலரும் வந்துவிடலாம். மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அதற்குள்தான் இருக்கிறது. ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.