ஜி.பி. என்றால் ‘பொதுப் பயிற்சியாளர்’ இல்லை

“ஆரம்பப் பராமரிப்பு மற்றும் பொதுப் பயிற்சியில் விருது பெற்ற ஆராய்ச்சியாளர்கள்.” கணினி மொழிபெயர்த்துக் கொடுத்த இந்த வரியை நண்பர் ஒருவர் அனுப்பி, இது யாரைப் பற்றியது, கண்டுபிடி பார்ப்போம் என்றார். பால்வாடி ஆயாக்களா, ஜிம் மாஸ்டர்களா என்று ரெண்டு நிமிஷம் யோசித்தேன். கடைசியில் பார்த்தால் டாக்டர்கள். ஜெனரல் பிராக்டீஸ் ‘பொதுப் பயிற்சி’ ஆகிவிட்டது, பிரைமரி கேர் ‘ஆரம்பப் பராமரிப்பு’ ஆகிவிட்டது. கணினியை மட்டும் திட்டிப் பயனில்லை, நாமே இந்தச் சொற்களுக்கு ஒழுங்காக ஒரு தமிழ் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஜெனரல் பிராக்டிஷனர், அதாவது ஜி.பி. பிராக்டீஸ் என்பதன் கிரேக்க வேர் ‘செய்தல்’. கிரிக்கெட் பிராக்டீஸில் இருப்பது அதன் ஒரு கிளை, நம் தலையில் உட்கார்ந்துவிட்டதும் அதுதான். வக்கீல் ‘ஹைகோர்ட்டில் பிராக்டீஸ் பண்றார்’ என்றால் அவர் பயிற்சி எடுக்கிறார் என்றா நினைக்கிறோம்? தொழில் செய்கிறார் என்றுதானே. டாக்டருக்கும் அதே பொருள்தான். ஆக பிராக்டிஷனர் என்பவர் தொழில் செய்பவர், பயிற்சியாளர் அல்ல.

‘ஜெனரல்’ எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான கதை. பழைய இங்கிலாந்தில் மருத்துவத் தொழிலில் மூன்று தட்டு. பட்டம் பெற்ற ஃபிசிஷியன் மேலே, கத்தி பிடிக்கும் சர்ஜன் அடுத்து, மருந்து கலந்து விற்கும் அபாதிகரி கீழே. அபாதிகரி என்ற சொல்லின் வேருக்குச் ‘சரக்கறை’ என்று பொருள், அதாவது சரக்குக் கடைக்காரர். வில்லியம் ரோஸ் என்ற லண்டன் அபாதிகரி ஒரு கசாப்புக் கடைக்காரருக்கு வைத்தியம் பார்த்துவிட்டார் என்று ஃபிசிஷியன்களின் கல்லூரி (பாடம் நடத்தும் கல்லூரி இல்லை, அவர்களுடைய தொழில் சங்கம்) வழக்குப் போட்டது. 1704-ல் பிரபுக்கள் சபை ரோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து அபாதிகரி நோயாளியைப் பார்க்கலாம், ஆலோசனையும் சொல்லலாம், ஆனால் மருந்துக்கு மட்டும்தான் காசு வாங்க முடியும். விளைவு என்னவாக இருக்கும்? பாட்டில் பாட்டிலாக மருந்துதான். (ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல் ‘ஒண்ணுமில்ல, தானா சரியாயிடும்’ என்று அனுப்பும் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க நம் கை தயங்குகிறதே, அதுவும் இதே கணக்குதான்.) பிறகு 1815-ல் அபாதிகரிகளுக்கு முறையான படிப்பும் உரிமமும் சட்டமாக வந்தது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் மருந்து, கட்டு, பிரசவம் என்று எல்லாமே பார்க்கும் இந்த ஆட்களுக்கு ‘ஜெனரல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேல்தட்டுக்காரர்கள் அதை ஒன்றும் பெருமையாகச் சொல்லவில்லை.

இதில் நம் ‘மருத்துவர்’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாக்டர் என்றால் லத்தீனில் கற்பிப்பவர். வைத்தியர் என்றால் வடமொழியில் அறிந்தவர். மருத்துவரோ மருந்திலிருந்து பிறந்தவர், அப்படியே அபாதிகரியின் தம்பி. கரும்பு கருப்பஞ்சாற்றில் ‘கருப்பு’ ஆவது போல மருந்து இங்கே ‘மருத்து’ ஆனது. மருத்துவன் தாமோதரனார் என்று சங்கப் புலவர் ஒருவரே இருக்கிறார், அவ்வளவு பழைய சொல். ஆனால் அதன் பெண்பால் வடிவமான மருத்துவச்சி மட்டும் பிரசவம் பார்ப்பவள் என்று சுருங்கிவிட்டது. ஊரில் எல்லாம் பார்த்தவள் அவள்தான், பெயர் மட்டும் ஒரே வேலைக்கு.

சரி, அப்படியானால் ஜி.பி.க்கு ‘பொது மருத்துவர்’ என்று சொல்லிவிட்டால் முடிந்ததா? முடியாது. தமிழ்நாட்டு போர்டுகளில் ‘பொது மருத்துவம்’ என்பது எம்.டி. ஜெனரல் மெடிசின். அது ஒரு சிறப்புத் துறை, மேற்படிப்பு. ஜி.பி. அது இல்லை. ‘பொதுநல மருத்துவர்’ என்று சிலர் போட்டுக்கொள்கிறார்கள், கேட்டால் பொதுநல வழக்குதான் ஞாபகம் வருகிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழரைக் கேட்டால் வேலை சுலபம்: லண்டனில் ‘ஜி.பி.’, டொரொன்டோவில் ‘ஃபமிலி டொக்டர்’, எழுத்தில் ‘குடும்ப வைத்தியர்’. என் ஓட்டும் இதற்குத்தான், குடும்ப மருத்துவர். தனியாக இருப்பவருக்குக் குடும்பம் ஏது என்று மடக்கலாம். இருக்கட்டும். அந்தச் சொல்லில் ‘வருஷக்கணக்காகத் தெரிந்தவர்’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது, இந்தத் துறையில் பேர் வாங்கிய ஆய்வாளர்கள் எல்லோருக்கும் அதுதான் முதலீடு.

வில்லியம் பிக்கிள்ஸைப் பாருங்கள். யார்க்‌ஷயரில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில், எய்ஸ்கார்த் என்ற கிராமத்து டாக்டர். 1929-ல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. ஒரு பெண்ணைக் காலையில் போய்ப் பார்க்கிறார், எழுந்திருக்கவே மாட்டாள் என்ற நிலையில் படுத்திருக்கிறாள். அன்றைக்கு ஊரில் திருவிழா, அந்தப் பொண்ணு எழுந்து போயிருக்கிறாள். அவளுடன் அங்கே பழகியவர்களுக்கு எப்போது கண் மஞ்சளித்தது என்று தேதி தேதியாகக் குறித்து, தொற்றியதிலிருந்து நோய் வெளிப்படச் சுமார் ஒரு மாதம் ஆகிறது என்று கணித்தார். லண்டன் ஆஸ்பத்திரியில் இது நடக்காது. யார் யாரோடு பழகினார்கள், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போனார்கள் என்பது ஊர் டாக்டருக்குத்தான் தெரியும். இந்தக் குறிப்புகளிலிருந்து 1939-ல் ஒரு புத்தகம் எழுதினார், பின்னாளில் பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களுக்கென்று 1952-ல் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அவருக்கு முன்னால் ஜேம்ஸ் மெக்கன்சி, இங்கிலாந்தில் பர்ன்லி என்ற மில் ஊரில் டாக்டர். உள்ளூர்க் கடிகாரக்காரர் ஒருவரை வைத்து நாடித்துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவி செய்துகொண்டு, ஒரே நோயாளிகளின் நாடியை வருஷக்கணக்கில் பதிந்து, தப்பித் துடிக்கும் நாடிகளில் எது ஆபத்து எது இல்லை என்று பிரித்தார். 1915-ல் சர் பட்டம்.

நம்மூரில் நல்ல டாக்டரைக் ‘கைராசிக்காரர்’ என்போம். இவர்கள் கைராசியை நம்பாமல் நோட்டுப் புத்தகத்தை நம்பியவர்கள்.

இனி பிரைமரி கேர். பிரைமரி என்றால் முதலாவது. இதை ‘முதன்மை’ என்று எழுதுவது தப்பு, முதன்மைச் செயலாளர் மாதிரி தலைமைப் பொருள் வந்துவிடும். ‘ஆரம்ப’ என்பது 1946-ல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு பரிந்துரைத்த பிரைமரி ஹெல்த் சென்டருக்கு நாம் வைத்த ‘ஆரம்ப சுகாதார நிலையம்’ வழியாக நிலைத்துவிட்டது. ஆரம்பப் பள்ளி தொடக்கப் பள்ளி ஆனது, சுகாதாரத் துறைகூட மக்கள் நல்வாழ்வுத் துறை ஆனது, ஆனால் இந்தப் பெயர்ப்பலகை மட்டும் அசையவில்லை. ஜனங்கள் இதற்கெல்லாம் காத்திருக்காமல் ‘பி.எச்.சி.’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆரம்பம் என்றால் அரைகுறை, அடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்று காதில் விழுகிறது, அதனால் நான் முதல்நிலை என்பேன்.

அப்புறம் ‘கேர்’. பராமரிப்பு என்றால் லிஃப்ட், தோட்டம், மோட்டார். ‘ஆஸ்பத்திரியில நல்லா கவனிச்சாங்க’ என்பதுதான் வாயில் வரும் பேச்சு, ஆனால் ‘அவரைக் கொஞ்சம் கவனிக்கணும்’ என்றால் கவர் கொடுக்கணும் என்று ஆகிவிட்ட நாட்டில் ‘முதல்நிலைக் கவனிப்பு’ என்று போர்டு வைக்க முடியுமா? பேசாமல் முதல்நிலை மருத்துவம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கவனிப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருளும் கொடுத்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். தெற்கு வேல்ஸில் க்ளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் 1961-லிருந்து சுமார் முப்பது ஆண்டு டாக்டர். ஊரில் ஒவ்வொருவருக்கும் பி.பி. பார்த்துவிட வேண்டும் என்று இறங்கினார். முகாம் போடவில்லை. சளி, இடுப்பு வலி, லீவுக்குச் சர்ட்டிபிகேட் என்று எதற்கு வந்தாலும் கையில் பட்டையைச் சுற்றி அளந்து குறித்துக்கொண்டார், சில வருஷத்தில் கிட்டத்தட்ட ஊரே எப்படியும் ஒருமுறை வந்துவிடும் என்ற கணக்கு. வராத மிச்சம் பேரைத் தேடிப் போனார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்தார்களே, அந்த யோசனைக்கு இவர் ஒரு மூத்த அண்ணன்.

அவர் பேர் நிலைத்தது 1971-ல் லேன்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையால். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது, எல்லாவற்றையும் சந்தை கையில் விட்டால் இது இன்னும் மோசமாகும் என்றார். ‘இன்வெர்ஸ் கேர் லா’ என்று பெயரும் வைத்தார். இதைத் ‘தலைகீழ்ப் பராமரிப்புச் சட்டம்’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன், சிரசாசனம் மாதிரி இருக்கிறது. இது கோர்ட்டுச் சட்டம் இல்லை, நியூட்டன் விதி மாதிரி ஒரு விதி. இன்வெர்ஸ் என்பதும் பள்ளிக்கூடக் கணக்கில் வரும் எதிர் விகிதம், ஆள் கூடினால் நாள் குறையும் கணக்கு. ஆகவே மருத்துவ எதிர்விகித விதி. வசதியான நகர் ஒன்றில் தெருவுக்கு மூன்று கிளினிக், மலையடிவாரக் கிராமத்துக்குப் பஸ்ஸே இரண்டு முறைதான் என்று வைத்துக்கொண்டால் விதி புரிந்துவிடும். பிரிட்டனின் குடும்ப மருத்துவர் கல்லூரி தன் டிஸ்கவரி பரிசை 2006-ல் முதன்முதலாக அவருக்குத்தான் கொடுத்தது. அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது இருக்கும்.

நண்பருக்கு நான் திருத்தி அனுப்பிய வரி: “முதல்நிலை மருத்துவத்தில், குறிப்பாகக் குடும்ப மருத்துவத்தில், ஆய்வுக்காக விருது பெற்றவர்கள்.” இன்னும் ஒரு சொல் பாக்கி. ஜி.பி. உட்காரும் இடத்தையும் இங்கிலாந்தில் ‘பிராக்டீஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மருத்துவமனை ரொம்பப் பெரிசு, மருந்தகம் என்றால் மெடிக்கல் ஷாப். எங்கள் பாட்டி ‘டிஸ்பென்சரி’ என்பார், மருந்து கொடுக்கும் இடம் என்ற பொருளில். நான் இப்போதைக்குக் கிளினிக் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.