எல்என்ஜி: தீயை நினைக்கும்முன் குளிரை நினையுங்கள்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவிலும் துவாஸ் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் எல்என்ஜி எனும் திரவ இயற்கை எரிவாயுவைச் சமையல் எரிவாயுவின் அண்ணன் என்றே நினைக்கிறார்கள். சிலிண்டரில் வரும் எல்பிஜியைத் திரவமாக வைத்திருப்பது அழுத்தம்; எல்என்ஜியை வைத்திருப்பது குளிர். பெரும்பாலும் மீத்தேனான இது ஏறக்குறைய -162 டிகிரி செல்சியஸில் திரவமாகிறது. கன அளவு 600ல் ஒரு பங்காகச் சுருங்குவதால்தான் கப்பலில் ஏற்ற முடிகிறது.

2013ல் செயல்படத் தொடங்கிய ஜூரோங் தீவு முனையம் போன்ற இடங்களில் டேங்கின் உட்சுவர் 9 விழுக்காடு நிக்கல் கலந்த எஃகு, வெளிச்சுவர் கான்கிரீட், நடுவில் காப்புப்பொருள். எவ்வளவு காப்பிட்டாலும் உள்ளே கொஞ்சம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆவியை கம்ப்ரஸர் இழுத்துக்கொள்ளாவிட்டால் அழுத்தம் ஏறும்.

சாதாரண எஃகு இந்தக் குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால்தான் கப்பலில் குழாய்களை இணைக்கும் இடமான மேனிஃபோல்டுக்குக் கீழே துருப்பிடிக்காத எஃகுத் தட்டு வைத்து, கப்பலின் பக்கச்சுவரில் தண்ணீர்த் திரை ஓடவிடுகிறார்கள். அது தீயணைக்க அல்ல, எஃகைச் சூடாக வைத்திருக்க. வேலை முடியும் முன்பே அதை நிறுத்திவிடக் கூடாது.

எல்என்ஜியை விடும் முன் குழாயைக் குளிர்விப்பதில் அவசரம் ஆகாது. கீழ்ப்பாதியில் திரவம் ஓடி மேல்பாதி சூடாகவே இருந்தால் குழாய் வில்லாக வளையும், குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் ஃபிளேஞ்ச் கசியும். முதலில் குளிர் ஆவி, பிறகு சிறு அளவில் திரவம், மேலும் கீழும் வெப்பமானியைப் பார்த்தபடி. ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைக் குளிர்ந்தபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். சூட்டில் இறுக்கியது குளிரில் தளரும். இதைவிட ஆபத்தானது, மூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவம் மாட்டிக்கொள்வது. சூடேறும்போது போக வழியில்லாமல் குழாயையே வெடிக்கவைக்கும். அந்த இடத்தில் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வை யாரும் அடைத்துவைக்கக் கூடாது.

கசிந்தால் வெண்புகை தரையோடு படரும். அது வாயு இல்லை, காற்றிலுள்ள ஈரம் உறைந்தது. புகை தெரியாத இடத்திலும் வாயு இருக்கலாம். புகையின் ஓரத்தை எல்லையாக எண்ணி நிற்பது தவறு. எல்என்ஜியில் வாசனை கலப்பதில்லை, எனவே மூக்கை நம்பாதீர்கள். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால் தீப்பிடிக்கும். குளிர்ந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் வடிகாலிலும் பள்ளத்திலும் இறங்கி நிற்கும், மூச்சுக்கான ஆக்சிஜனையும் விலக்கும். வாயுவைக் கண்டறியும் டிடெக்டரில் இன்னொரு கண்ணி உண்டு: வாயுவை எரித்து அளக்கும் கேட்டலிட்டிக் வகைக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய இடத்தில் அது பூஜ்யம் காட்டினால் அதை நம்பி உள்ளே போகாதீர்கள்.

தேங்கிய திரவத்தில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். அது வெப்பத்தைக் கொடுத்து ஆவியை வேகமாகக் கிளப்பும், சில நேரம் தீயே இல்லாமல் வெடிச்சத்தத்தோடு ஆவியாகும். காற்று வரும் திசையை நோக்கி, பக்கவாட்டில் விலகி, அலாரத்தை அழுத்தி, 995ஐ அழையுங்கள்.

தோலில் பட்டால் தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரை நிறைய ஊற்றியபடி மருத்துவ உதவிக்குக் காத்திருங்கள். கையுறை தளர்வாக இருக்கட்டும், திரவம் உள்ளே போனால் உதறி எறிய முடிய வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் பேண்ட்டை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடச் சொல்கிறோம்.