சுடர் எரிய உறையும் ஐஸ்

வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோமில் வாரக்கணக்கில் தங்கும்போது தண்ணீர்ப் பம்பு நின்றால் குடத்தில் பிடித்து வைத்துச் சமாளித்துவிடலாம். ஃப்ரிட்ஜ் நின்றால் பாலும் இறைச்சியும் அன்றைக்கே கெட ஆரம்பிக்கும். இன்சுலின் வைத்திருப்பவர்களுக்குக் கவலை இன்னும் பெரிது. வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுதுபார்த்துப் பழகிய கைக்கு இந்த ஃப்ரிட்ஜ் பிடிபடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் மோட்டார்ஹோம்களில் மிகப் பலவற்றில் இருக்கும் பெட்டிக்குக் கம்ப்ரஸர் கிடையாது. குளிரை உண்டாக்கும் குழாய்த் தொகுதியில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. பின்புறம் சமையல் கேஸில் ஒரு சிறு சுடர் எரிகிறது. உள்ளே ஐஸ் உறைகிறது.

1922-ல் ஸ்டாக்ஹோமில் உள்ள அரசத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்களான பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டெர்ஸும் உருவாக்கிய அமைப்பு இது. 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றும் மாறவில்லை. பற்றவைத்து மூடிய எஃகுக் குழாய்த் தொகுதிக்குள் நான்கு பொருள்கள் இருக்கும்: அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன், குழாய் துருப்பிடிக்காமல் காக்கக் கொஞ்சம் சோடியம் குரோமேட். சில புதிய தொகுதிகளில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம்.

அடியில் இருக்கும் கொதிகலனில் அம்மோனியா கரைந்த தண்ணீர் சூடாகிறது. சூட்டில் அம்மோனியா வாயுவாகப் பிரிந்து, மெல்லிய குழாய் ஒன்றின் வழியே குமிழி குமிழியாக மேலேறும்போது தண்ணீரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. பம்பு வேலையை இந்தக் குமிழிகளே செய்துவிடுகின்றன. மேலே தண்ணீர் பிரிந்து ஒரு பக்கம் இறங்க, அம்மோனியா வாயு தகடுகள் செருகிய கண்டென்சருக்குள் போய் வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. தொகுதிக்குள் மொத்த அழுத்தம் சுமார் 25 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அந்த அழுத்தத்தில் அம்மோனியா 58 டிகிரி செல்சியஸிலேயே திரவமாகிவிடும். இந்த 58 என்ற எண் வெயிலைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

திரவ அம்மோனியா அடுத்து ஃப்ரீஸரைச் சுற்றியுள்ள ஆவியாக்கிக் குழாய்க்குள் இறங்குகிறது. அங்கேயும் அதே 25 பார்தான். அப்படியானால் 58 டிகிரிக்குக் கீழே அது எப்படி ஆவியாகும்? கொடியில் போட்ட ஈரத்துணி 30 டிகிரியில் காய்கிறது; அதற்காகத் தண்ணீர் 100 டிகிரி வரை போக வேண்டியதில்லை. சுற்றியுள்ள காற்றில் நீராவியின் பங்கு குறைவாக இருந்தால் போதும். ஆவியாக்கிக்குள் காற்றின் இடத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. மொத்த அழுத்தத்தில் பெரும் பங்கை அது ஏற்றுக்கொள்வதால் அம்மோனியாவின் பகுதி அழுத்தம் ஒன்றிரண்டு பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1 பாரில் அம்மோனியாவின் கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. 2 பாரில் மைனஸ் 19. அந்தக் குளிரில் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை ஃப்ரீஸரிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கிலோவுக்கு 1,300 கிலோஜூலுக்கு மேல் விழுங்கும் பொருள் அது.

அம்மோனியா கலந்த ஹைட்ரஜன் கனமாகிக் கீழே இறங்கி, அப்சார்பர் என்னும் பாம்புச் சுருள் குழாய்க்குள் போகிறது. முன்பு பிரிந்து வந்த தண்ணீர் அங்கே மெதுவாக வழிந்துகொண்டிருக்கும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அரைக் கிலோ அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ளும். பாரம் இறங்கிய ஹைட்ரஜன் லேசாகி மீண்டும் ஆவியாக்கிக்கு ஏறுகிறது. அம்மோனியா கரைந்த தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்புகிறது. இந்தச் சுழற்சியை நடத்துவது வெப்பமும் புவியீர்ப்பும் மட்டுமே. பழுது என்று வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று கெட்டதால் வருபவை.

முதலில் மட்டம். ஆவியாக்கியிலும் அப்சார்பரிலும் குழாய்கள் மிக லேசான சரிவில் படுத்திருக்கின்றன. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் நடுவழியில் தேங்கும், கொதிகலனுக்குத் திரும்பாது. கீழே சூடு மட்டும் நிற்காமல் ஏறும். வறண்ட கொதிகலனில் சோடியம் குரோமேட் படிந்து, குமிழிகள் ஏறும் மெல்லிய குழாயை அடைக்கத் தொடங்கும். இந்தச் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், திரும்பிச் சரியாகாது. ஓடும்போது வண்டி இப்படியும் அப்படியும் ஆடுவதால் திரவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆபத்து நிறுத்திய பிறகுதான்.

பல தயாரிப்புகளின் கையேடுகள் தரும் வரம்பு, ஃப்ரிட்ஜின் இடவலச் சாய்வு 3 டிகிரி, முன்பின் சாய்வு 6 டிகிரி. இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் வண்டியின் பக்கச் சுவரில் முதுகை வைத்து நிற்கும். ஆகவே ஃப்ரிட்ஜின் இடவலம் என்பது வண்டியின் முன்பின். சக்கரங்களுக்கு இடையே 4 மீட்டர் நீளமுள்ள வண்டியில் 3 டிகிரி என்றால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 21 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். குறுக்கே 1.8 மீட்டர் அகலத்துக்கு 6 டிகிரி என்றால் 19 சென்டிமீட்டர். ரசமட்டத்தை வண்டித் தரையில் வைக்காதீர்கள். ஃப்ரீஸரின் அடித்தட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜைப் பொருத்தியதே கொஞ்சம் கோணலாக இருக்கலாம். சாய்வு தீரும்வரை சக்கரத்துக்கு அடியில் ஆப்புப் பலகை வைத்து ஏற்றியபின் ஃப்ரிட்ஜைப் போடுங்கள்.

அடுத்தது சுடர். கொதிகலனைச் சூடாக்கக் கேஸ் சுடர் தவிர மின் ஹீட்டரும் உண்டு. கேஸில் ஓடும்போது குளிர் குறைந்து, கரண்ட்டில் நன்றாக ஓடினால் குழாய்த் தொகுதி நலம், பர்னர்தான் அழுக்கு. ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. சிலிண்டரை மூடி, குழாயில் மிஞ்சிய கேஸ் எரிந்து தீரும்வரை பொறுத்து, வெளிப்பக்கக் கீழ்த் துவாரத்தின் மூடியைக் கழற்றுங்கள். கேஸ் இணைப்பைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் செம்புக் குழாய் முறுகிக் கசியும். பர்னருக்குக் கேஸை விடும் சிறு முனையான ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஊசியோ கம்பியோ குத்தினால் துளை பெரிதாகி, கேஸ் அதிகம் போய், சுடர் மஞ்சளாகிப் புகைக்கரி படியும். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஊதி உலர்த்துங்கள். அதுவும் போதவில்லை என்றால் புது ஜெட் வாங்குவதே மலிவு.

பர்னருக்கு மேலே போகும் புகைக்குழாய்க்குள் முறுக்கிய தகடு ஒன்று கம்பியில் தொங்கும். சூடான புகையைச் சுழலவைத்து வெப்பத்தைக் கொதிகலனுக்குள் தள்ளுவது அதன் வேலை. அதை மேலே உருவி எடுத்து, கீழே பர்னரின் மேல் துணி போர்த்தி, குழாயைப் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிரும். சுடரை அணைத்துக்கொண்டிருந்தது பல நேரம் அந்தத் துருவாகவே இருக்கும். பர்னருக்குள் சிலந்தி வலையும் கட்டியிருக்கும். தகட்டை முன்பிருந்த அதே உயரத்தில் தொங்கவிட வேண்டும். விட்டுவிட்டால் வெப்பம் நேரே மேலே போய்விடும். சுடர் அழகாக நீலமாக எரிந்தும் ஃப்ரிட்ஜ் குளிராது. தீப்பொறி முனைக்கும் பர்னருக்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி. விளிம்பு விரித்த செம்புக் குழாய் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அங்கே உலோகத்தோடு உலோகம் அழுந்தியே கசிவை அடைக்கிறது. கடைசியில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் பற்றவைக்க வேண்டாம். புது சிலிண்டர் மாட்டியவுடன் ஃப்ரிட்ஜ் பற்றாவிட்டால் அடுப்பை ஒரு நிமிடம் எரியவிடுங்கள். குழாயில் புகுந்த காற்று வெளியேறிவிடும்.

மின்சாரத்தில் ஓடவில்லை என்றால் ஹீட்டரைக் கணக்கால் பிடிக்கலாம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம். ஐரோப்பிய வண்டியில் 230 வோல்ட், 190 வாட் ஹீட்டருக்கு 278 ஓம். அமெரிக்க வண்டியில் 120 வோல்ட், 300 வாட்டுக்கு 48 ஓம். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் வயர்களைக் கழற்றி அளக்கும்போது மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் ஹீட்டர் போய்விட்டது. 12 வோல்ட், 170 வாட் ஹீட்டருக்கு முக்கால் ஓமுக்குக் கொஞ்சம் மேலே, 0.85, இதைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது, கிளாம்ப் மீட்டரால் 14 ஆம்பியர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அந்த 14 ஆம்பியர்தான் 12 வோல்ட்டில் பலரையும் ஏமாற்றுவது. பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை 8 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் போக வர 16 மீட்டரில் மின்தடை 0.11 ஓம். ஹீட்டருக்குப் போய்ச் சேருவது 12 வோல்ட் இல்லை, 10.6. திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 170 வாட் 132 ஆகிவிடும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 152 வாட் கிடைக்கும். பழைய வண்டிகளில் "12 வோல்ட்டில் சரியாகக் குளிர்வதில்லை" என்ற புகாருக்கு மெலிந்த வயரும் தீய்ந்த ஃப்யூஸ் கால்களுமே பெரும்பாலும் காரணம். நிறுத்திய வண்டியில் 12 வோல்ட்டில் ஓட்டவே கூடாது: 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியின் பாதியை மூன்றரை மணி நேரத்தில் குடித்துவிடும்.

வெயிலும் உயரமும் என்ன செய்யும் என்பதைக் கலிஃபோர்னியாவின் ஒரே பயணத்தில் பார்க்கலாம். டெத் வேலி என்னும் பாலைவனப் பள்ளத்தாக்கிலுள்ள ஃபர்னஸ் கிரீக் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஜூலையில் அங்கே பகல் உச்சம் சராசரியாக 47 டிகிரி. பல வாடகை நிறுவனங்கள் கோடையில் அங்கே மோட்டார்ஹோமைக் கொண்டுபோகவே விடுவதில்லை. ஃப்ரிட்ஜின் முதுகுப்புற அறையில் காற்று தேங்கினால் வெளியே 47 என்பது உள்ளே எளிதில் 60 ஆகிவிடும். 58-ஐத் தாண்டினால் அம்மோனியா திரவமாகாது. கண்டென்சர் தகடுகளுக்கும் சுவருக்கும் 25 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏறும் காற்று தகடுகளைத் தொடாமல் ஓரமாகப் போய்விடும். மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வளைத்துவைத்து அந்தக் காற்றைத் தகடுகளின் பக்கம் திருப்புங்கள். 12 சென்டிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை, 40 டிகிரியில் தானே ஓடும் வெப்ப ஸ்விட்ச்சோடு, கண்டென்சருக்குக் கீழே மேல்நோக்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியருக்குள்தான் எடுக்கும். பிற்பகலில் ஃப்ரிட்ஜ் பக்கச் சுவர் வடக்கையோ கிழக்கையோ பார்க்கும்படி நிறுத்துங்கள்.

அங்கிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போக ஏறும் டியோகா கணவாய் 3,031 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம். ஜெட் வழக்கமான அளவு கேஸை வெளிவிடும், ஆனால் அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜன் குறைவு. சுடர் மஞ்சளாகும், அணையும். சுமார் 1,700 மீட்டருக்கு மேல் கரண்ட்டில் ஓட்டச் சொல்கின்றன சில தயாரிப்பாளர்களின் கையேடுகள். ஆனால் யோசெமிட்டியின் முகாம் இடங்களில் மின் இணைப்பு கிடையாது. ஏறுவதற்கு முந்தைய இரவே மின் இணைப்புள்ள இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து ஃப்ரீஸரை நிரப்பிக்கொண்டால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். மேலே இருக்கும்போது எச்சரிக்கை விளக்கை அடிக்கடி பார்த்து, அணைந்திருந்தால் மறுபடி பற்றவையுங்கள். இறங்கிய பிறகு பர்னரின் கரியைத் துடையுங்கள்.

நார்வே போன்ற இடங்களில் குளிர்காலத்தில் சிக்கல் சிலிண்டரில் தொடங்கும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. உறைகுளிரில் அது சிலிண்டரிலேயே திரவமாக உட்கார்ந்துவிடும். மைனஸ் 42-ல் கொதிக்கும் புரொப்பேன்தான் வேண்டும்.

சுடர், கரண்ட், மட்டம் எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் கரண்ட்டில் 12 மணி நேரம் ஓடவிட்டு, நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். 4 டிகிரிக்கு வரவில்லையா? பின்புறக் குழாய்களைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். கொதிகலன் பகுதி கொதிக்க, அப்சார்பர் சுருள் குளிர்ந்தே இருந்தால் சுழற்சி நின்றுவிட்டது. உள்ளே ஓயாமல் களகளவென்று சத்தம் கேட்டால் ஹைட்ரஜன் கசிந்துவிட்டது. குழாயில் மஞ்சள் தூள் படிந்திருந்தால் அது வெளியே வந்த குரோமேட். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. உலர்வாகப் பெருக்காமல், கையுறை போட்டு ஈரத்துணியால் எடுங்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கேஸை வெளியிலிருந்து மூட வேண்டும். கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள்.

ஃப்ரிட்ஜைக் கழற்றித் தலைகீழாக ஒரு நாள் வைத்தால் சரியாகிவிடும் என்ற வைத்தியம் பரவலாகச் சொல்லப்படுகிறது. நெடுநாள் ஓடாமல் நின்று உள்ளே கரைசல் பிரிந்துபோயிருந்தால் அது கலந்து மீண்டும் ஓடலாம். படிந்த குரோமேட் அப்படிக் கரையாது. முழு வேலைக்கான உழைப்பைச் செலவிட்டு ஒரு வாய்ப்பை மட்டும் வாங்குவது அது. இறக்கியதே இறக்கியதுதான் என்றால் குழாய்த் தொகுதியை மாற்றிவிடலாம். பெட்டியும் கதவும் அப்படியே இருக்கும்.

முழு ஃப்ரிட்ஜையும் மாற்றுகிறவர்கள் இப்போது 12 வோல்ட் கம்ப்ரஸர் வகைக்குப் போகிறார்கள். நாளொன்றுக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி போதும், சாய்வும் வெயிலும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கூரையில் சோலார் பலகையும் லித்தியம் பேட்டரியும் உள்ள வண்டிக்கு அதுவே சரி. சூரியன் எட்டிப் பார்க்காத காட்டில் இரண்டு வாரம் நிற்பவர்களுக்குப் பழையதே மேல்: நாளொன்றுக்கு 300 கிராம் அளவில் கேஸ், 11 கிலோ சிலிண்டரில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும், இரவில் சத்தமும் கிடையாது.