அவன் வெளியே வருவது உங்களுக்குத் தெரியுமா?

ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவன் சிறையிலிருந்து வந்து இன்னொரு குழந்தையைக் கொன்றுவிட்டான் என்று செய்தி வந்தால், அன்றைக்கு என் போன் ஓயாது. நடுரோட்டில் வைத்துச் சுட வேண்டும் என்று ஒருவர், அரபு நாட்டுச் சட்டம் வேண்டும் என்று இன்னொருவர், அமெரிக்காவில் நூறு வருஷம் உள்ளே போடுகிறான் பார் என்று மூன்றாமவர். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றத்தில் குழந்தை தரப்பில் ஆஜராகும் வக்கீல் நான். இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் கோர்ட்டுக்குப் போனால், ஜாமீன் மனு விசாரணையில் குழந்தை தரப்பில் ஓர் ஆள் இருக்க மாட்டார். சமீபத்தில் ஒரு வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவன் மேல் அதே மாதிரி பழைய வழக்கு இருந்த விவரமே அரசு வழக்கறிஞரின் கோப்பில் இல்லை. தெருவுக்கே தெரிந்த விஷயம் நீதிபதிக்கு மட்டும் தெரியாது. பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்தே ஆரம்பிப்போம். 1993 அக்டோபர் 1, கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரம். பாலி கிளாஸ் என்ற 12 வயதுச் சிறுமி, இரண்டு தோழிகளுடன் தன் வீட்டில், தன் அறையில் இருந்தாள். அம்மாவும் வீட்டில்தான் இருந்தார். கத்தியோடு உள்ளே வந்தவன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் பெயர் ரிச்சர்ட் ஆலன் டேவிஸ். பெண்களைத் தாக்கியது, கடத்தியது என்று பழைய தண்டனைகள் வரிசையாக இருந்தன. கடைசியாக ஒரு கடத்தல் வழக்கில் 16 வருஷம் விதித்திருந்தார்கள். உள்ளே வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கழிவு என்ற கணக்கில், பாதியிலேயே, அதே 1993 ஜூன் மாதம் பரோலில் வந்துவிட்டான். நூறு வருஷம் போடுகிற ஊரில்தான் இது.

என்னை அதிகம் உறுத்துவது அன்று நள்ளிரவில் நடந்தது. ஊருக்கு வடக்கே ஒரு தனியார் நிலத்தில் அவன் கார் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. யாரோ அந்நியன் நிற்கிறான் என்று புகார் போனது. இரண்டு போலீசார் வந்து அவன் உரிமத்தையும் கார் எண்ணையும் சரிபார்த்தார்கள். பிடிவாரண்ட் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. காரை வெளியே எடுக்க உதவி செய்து அனுப்பிவைத்தார்கள். சிறுமி கடத்தப்பட்ட தகவல் வேறொரு வயர்லெஸ் அலைவரிசையில் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் காதுக்கு எட்டவில்லை. நிலத்தின் உரிமையாளர் தன் இடத்தில் கிடந்த துணிகளைப் பார்த்து நவம்பர் கடைசியில் சொன்ன பிறகுதான், அந்த இரவில் வந்தவன் யார் என்று தேடி எடுத்தார்கள். டிசம்பரில் அவனே சடலம் இருந்த இடத்தைக் காட்டினான். 1996-இல் மரண தண்டனை.

மக்கள் கொதித்தார்கள். 1994-இல் மூன்றாவது குற்றத்துக்கு 25 வருஷம் முதல் ஆயுள் வரை என்ற சட்டம் வந்தது. அது முன்பே இருந்திருந்தால் டேவிஸ் உள்ளேதான் இருந்திருப்பான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது குற்றம் எதுவாக இருந்தாலும் சரி என்று எழுதிவிட்டதால், கோல்ஃப் மட்டைகள் மூன்றைத் திருடியவனுக்கும் அதே 25 வருஷம் விழுந்தது. 2003-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் அதையும் சரி என்றது. அந்தச் சட்டம் இவ்வளவு அகலமாக வரக்கூடாது என்று எதிர்த்தவர்களில் பாலியின் அப்பாவும் ஒருவர். பிறகு 2012-இல் மக்களே வாக்களித்துத் திருத்தினார்கள். அலைவரிசைக் குழப்பத்தை எந்தத் தண்டனைச் சட்டமும் சரிசெய்யாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். எனக்கு எரிச்சல் வரும் ஒரு வாக்கியம் உண்டு: "ஆயுள்னா பதினாலு வருஷம்தானே மேடம்." இதற்கு ஒரு துணைக்கதையும் உண்டு. சிறையில் பகலை ஒரு நாள், இரவை ஒரு நாள் என்று எண்ணுவார்களாம், ஆகவே பதினாலு ஏழாகிவிடுமாம். படித்தவர்களே சொல்கிறார்கள். சிறைக்கும் நமக்கும் ஒரே காலண்டர்தான். ஆயுள் தண்டனை என்றால் மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. (மனு போட்டவர், காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சே.) அப்படியானால் பதினாலு எங்கிருந்து வந்தது? மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர்களை அரசுகள் சீக்கிரமே விட்டுக்கொண்டிருந்தன. 14 வருஷம் உண்மையாகக் கழிக்காமல் விடக்கூடாது என்று 1978-இல் ஒரு தடை போட்டார்கள். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அது 475-வது பிரிவு. விடக்கூடாது என்பதற்காக வந்த எண்ணை, விட்டாக வேண்டும் என்பதாக நாம் மாற்றிக்கொண்டோம். 14 முடிந்தால் மனு போடலாம். அரசு மறுக்கலாம், திரும்பத் திரும்ப மறுக்கலாம். போக்சோவில் கடுமையான பாலியல் வன்புணர்வுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 20 வருஷம். ஆயுள் என்றால் சாகும்வரை என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தப் பதினாலு வருஷக் கதையை நம்புகிறவர்கள் எதிர்க்க வருவதே இல்லை. "எப்படியும் விட்டுருவாங்க" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். குஜராத்தில் 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவிக்கப்பட்ட 11 பேர், மூன்று வயதுக் குழந்தை உட்படப் பலரைக் கொன்ற வழக்கில் ஆயுள் பெற்றவர்கள். அந்தக் குழந்தையின் தாய் பில்கிஸ் பானு உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஜனவரியில் விடுதலை உத்தரவு ரத்தாகி அவர்கள் திரும்பச் சிறைக்குப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் சென்னையில் நடந்த சிறுமி கொலை உங்களுக்கு நினைவிருக்கும். (பெயரைச் சொல்ல மாட்டேன்; நீங்களும் எழுதாதீர்கள், போக்சோ 23-வது பிரிவு.) தூக்கு தூக்கு என்று ஊரே கேட்டது. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கொடுத்தன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாட்சியம் நிற்கவில்லை என்று விடுதலை செய்துவிட்டது. தண்டனையின் அளவைப் பற்றி நாம் கத்திக்கொண்டிருக்கும்போது, சிசிடிவி பதிவு முறையாகக் கோர்ட்டுக்கு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, என்ன செய்வது? குழந்தைகளிடம் குற்றம் செய்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள். அதனால் வெளியே வந்தால் பெரும்பாலும் அதே தெருவுக்குத்தான் வருவான். அவன் கைதானான், ஜாமீன் கேட்கிறான், வெளியே வந்தான், தண்டனை பெற்றான் என்ற தகவல்களைக் குழந்தையின் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. தானாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். மகளிர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

குற்றப்பத்திரிகை தேதியை எண்ணிக்கொண்டே இருங்கள். பெரிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. அதற்குள் தாக்கல் ஆகவில்லை என்றால், எவ்வளவு கொடூரமான வழக்கானாலும் ஜாமீன் அவன் உரிமை. 90 நாள் வழக்கென்றால் எண்பதாவது நாளில், 60 நாள் வழக்கென்றால் ஐம்பதாவது நாளில் ஆய்வாளரிடம் போய் நில்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

ஜாமீன் விசாரணைக்குப் போங்கள். 16 வயதுக்குட்பட்ட சிறுமி மீதான வன்புணர்வு வழக்கில், புகார் கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மற்ற வழக்குகளிலும் உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். பழைய வழக்கு இருப்பது தெரிந்தால், ஊர், நிலையம், வருஷம் எழுதி அரசு வழக்கறிஞரிடம் கொடுங்கள். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018-லிருந்து இருக்கிறது. நீங்கள் பார்க்க முடியாது, போலீஸ் பார்க்கலாம். "பார்த்தீர்களா சார்" என்று கேட்பதில் தப்பில்லை.

அப்புறம், நன்னடத்தை அலுவலர். பரோல், முன்விடுதலை மனுக்களில் விசாரித்து அறிக்கை கொடுப்பவர் அவர். வருஷங்கள் கழித்து உங்கள் வாசலில் வந்து, "அவர் வருவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா" என்று கேட்டால், "நமக்கெதுக்கு சார் வம்பு" என்று அனுப்பிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரி ஆட்சேபணை இல்லை என்று கோப்பில் ஏறிவிடும். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே எழுதிக் கொடுங்கள்.

சமரசம் பேச வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்புங்கள். போக்சோவில் ராஜி கிடையாது. சாட்சி சொல்ல வந்து, முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால், அவன் தண்டனையே இல்லாமல் வெளியே வருவான். வீட்டையோ போன் நம்பரையோ மாற்றினால் நிலையத்திலும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்துவிட்டு "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்று எழுதிய அறிக்கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.