ஃப்ரெஸ்கோ: சுவரோவியமா, ஈரச்சுதை ஓவியமா?

ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசனவரி: ‘லியனார்டோவின் இறுதி இராவுணவு சுவரோவியம் அல்ல.’ மிலானில் ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிற படம் சுவரோவியம் இல்லையாம்! மூலத்தில் ‘ஃப்ரெஸ்கோ அல்ல’ என்று சொல்லியிருப்பார்கள். ஃப்ரெஸ்கோ என்று கண்டாலே சுவரோவியம் என்று போட்டுவிடும் பழக்கம் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஃப்ரெஸ்கோ இத்தாலியச் சொல். புதிது, ஈரம் உலராதது என்று பொருள். சுவருக்கு உரிய சொல் மியூரல். லத்தீனில் மூருஸ் என்றால் சுவர். சுவரோவியம் மியூரலுக்கே பொருந்தும்.

ஃப்ரெஸ்கோ என்பது இடத்தின் பெயரல்ல, வேலையின் பெயர். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நீரில் மட்டும் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். பசை தேவையில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஆகவே அன்றன்று தீட்டி முடிக்கிற அளவுக்குத்தான் பூசுவார்கள். அந்த ஒருநாள் பங்குக்கு ஜோர்னாத்தா என்று பெயர். 1508 முதல் 1512 வரை வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ பட்ட பாடு இதுதான். (அதையும் சுவரோவியம் என்று எழுதுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரிவது சுவரா?) திருத்தித் திருத்தி வரைகிற லியனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. காய்ந்த பூச்சின் மேல் தீட்டினார். சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1978இல் தொடங்கிய செப்பனிடும் வேலை முடிய 1999 ஆயிற்று. வசனவரி விழுங்கியது இந்தக் கதையை.

நண்பர் ஒருவர் ‘பசுஞ்சுதை ஓவியம்’ என்கிறார். பச்சைமண், பச்சைச்செங்கல் என்று சொல்வதில்லையா என்பது அவர் வாதம். சொல்கிறோம்தான். ஆனால் ஓவியப் பேச்சில் பசுமை வந்தால் வாசகருக்குத் தோன்றுவது நிறம்; பச்சை வண்ணம் பூசிய சுவரைத் தேடுவார். ‘ஈரச்சுவர் ஓவியம்’ அதைவிட மோசம், மழை ஒழுகிய வீட்டு நினைப்பு வருகிறது. ‘ஈரக்காரை’ பிழையில்லை, ஆனால் காரை என்றதும் நமக்குப் பெயர்ந்து விழுவதுதான் ஞாபகம்.

ஈரச்சுதை ஓவியம் என்போம். சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து; நமக்குப் புதிதில்லை. புகார் நகர மாளிகைகளைப் பற்றி மணிமேகலை ‘வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய கண்கவர் ஓவியம்’ என்கிறது. காய்ந்த பூச்சில் தீட்டும் செக்கோவுக்கு உலர்சுதை ஓவியம் என்ற இணையும் தானாகவே அமைகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் உதவும்: உள்சுற்றில் 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள் ஈரச்சுதை வேலை. அஜந்தா அப்படியல்ல, அங்கே தீட்டியது உலர்ந்த தளத்தில். ஆங்கிலத்தில் அதையும் ஃப்ரெஸ்கோ என்றே அள்ளிவிடுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தத் தவறையும் சேர்த்தே மொழிபெயர்க்கிறார்கள்.